ராகேலுக்கு ஒரு பிடி அவரை

1

இந்த ஆடியோடு நான் தென்னாப்பிரிக்காவில் இந்த நேட்டால் தேசத்துக்கு வந்து பதினாலு வருஷம் நிறைகிறது. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற உங்களுக்கு ஆம்பூரில் இப்போது மேல்காற்று புழுதியை வாரிக் கண்ணில் போட்டுக்கொண்டிருக்கும். எனக்கு இங்கே நடுக் குளிர்காலம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். முதல் வருஷம் நானே நம்பவில்லை. பூமி உருண்டை என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். படித்தது வேறு, ஆடி மாதத்தில் பல் கிட்டிக்கொண்டு நிற்பது வேறு.

மாரிட்ஸ்பர்க் பட்டணத்தின் கடைசித் தெருவில் எங்கள் தகர வீடு. பின்னால் பத்தடி அகலத்தில் இருபதடி நீளத்தில் ஒரு தோட்டம். முள்ளங்கியும் கோசும் குளிரைக் கண்டால் கொண்டாட்டமாக வளரும். அவற்றுக்கு என் தயவு வேண்டாம். களை எடுத்து, சாம்பல் தூவி, வாரம் ஒருமுறை மண்ணைக் கிளறிவிட்டால் போதும். என் பாடெல்லாம் மூலையில் பந்தல் ஏறி நிற்கிற ஒரே ஒரு அவரைக் கொடியோடுதான்.

இங்கே விழுவது நம் ஊர்ப் பனி அல்ல, உறைபனி. விடிகிற நேரத்தில் மண்ணெல்லாம் உப்புப் போட்டு விரித்த தோலைப்போல வெள்ளையாகக் கிடக்கும். நான் அதற்கு முன்பே எழுந்து, ஓட்டை டப்பாக்களில் ஈர மரப்பட்டைத் தூளைப் போட்டுக் கொளுத்திக் கொடியைச் சுற்றிப் புகை விடுவேன். பிறகு மேலே போர்த்த சாக்கை எடுத்துவிட்டு, வெயில் வருமுன் இலைமேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவ வேண்டும். வெயில் முந்திக்கொண்டால் இலை கருகிவிடும். குளிரில் கருகுமா என்று கேட்பீர்கள். கருகும்.

ஒரு கொடிக்கு இவ்வளவா என்று இந்தத் தெருவில் எல்லாரும் சிரித்தாயிற்று. நீங்களும் சிரியுங்கள். ஆனால் கடைசிவரை படித்துவிட்டுச் சிரியுங்கள். உங்களிடம் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது.

2

என் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். வீடு ஷாப்பின் பின்சுவரை ஒட்டி இருந்தது. அந்த நாற்றத்தை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. பாலாற்றுக் காற்று திரும்பினால் ஊரே ஆளுக்கொரு பங்கு வாங்கிக்கொள்ளும். எங்களுக்குக் காற்று திரும்பாவிட்டாலும் உண்டு. அதை நினைத்து ஏங்குகிற ஆள் நான் இல்லை.

ஆனால் ஷாப்பின் பின்னால் ஒரு குவியல் இருந்தது. தொட்டியில் ஊறிச் சாரம் போன ஆவாரம்பட்டைச் சக்கையை அங்கே கொட்டுவார்கள். அது உள்ளுக்குள் புழுங்கிச் சூடாகவே இருக்கும். மார்கழிக் காலையில் அதிலிருந்து ஆவி எழும்பும். தெருநாய்களும் கோழிகளும் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். அந்தக் குவியலின் ஓரத்தில் அம்மா அவரை ஊன்றியிருந்தாள். ஆடியில் ஊன்றினால் மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஊதா விளிம்பு வைத்த, கட்டைவிரல் அகலக் காய். சந்தையில் விற்கிற அவரை பனியில் பூ உதிர்க்கும்போது, இது பனி ஏற ஏறக் காய்க்கும்.

ஊருக்குள்ளிருந்து வந்து வாங்குவார்கள். மூக்கைப் பிடித்த கையை எடுக்காமல் மறுகையால் காயை ஒடித்துப் பார்ப்பார்கள். அம்மா விடமாட்டாள். "மூக்க வுட்டுட்டு வெலய கேளுங்க. நாத்தம் காயில இல்ல" என்பாள்.

அம்மா போன பிறகு வீட்டில் நானும் தங்கை ராகேலும் அப்பாவும். மாதனூர்ப் பக்கத்து தேவசகாயம், சின்ன வயதில் ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்குப் போனவர், பெண் தேடி ஊருக்கு வந்தார். என்னைக் கட்டினார். நான் கிளம்புகிற அன்று ராகேல் கேட்டது விதையைப் பற்றித்தான்.

"அம்மா அவரையில பாதி எனக்கு வச்சிட்டுப் போறியாக்கா?"

"பானையில பாதி வச்சிருக்கேன்டி" என்றேன்.

பாதி இல்லை. ஒரு கைப்பிடிதான் விட்டேன். மிச்சமெல்லாம் என் மூட்டைக்குள் இருந்தது. கண்காணாத தேசத்துக்குப் போகிறவளுக்குத்தான் ஜாஸ்தி வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ராகேல் பானையை எட்டிப் பார்க்கவில்லை. அவள் என்னை நம்புகிறவள்.

3

டர்பன் துறைமுகத்தில் கலியாணச் சீட்டு, என் வீட்டுக்காரருடைய பழைய ஒப்பந்தச் சீட்டு, போட்டோ, விரல் ரேகை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் மூட்டையை அவிழ்த்து, வெந்தயத்தையும் கொத்தமல்லியையும் எடுத்து ஒரு பீப்பாயில் கொட்டுவதைக் கண்டேன். விதை எதுவும் உள்ளே வரக்கூடாதாம். பயத்தில், கைக்கு அகப்பட்ட பதினைந்து அவரையை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டேன். மிச்சம் பீப்பாய்க்குள் போயிற்று. ராகேலிடம் பொய் சொல்லி எடுத்து வந்ததெல்லாம் என் கண்ணெதிரே போயிற்று.

பிறகு அரை நாள் வரிசை. அதிகாரி என் பெயரைக் கேட்டார். நான் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றேன். மறுபடி கேட்டார். நான் வீட்டுக்காரரைக் கைகாட்டினேன். அவர் என் காதோரம் வந்து, "இன்னா லேயாள், ஊமையான்னு கேக்குறான். இன்னா சொல்றது?" என்றார். நான் தலையை ஆட்டினேன். என் சீட்டில் 'வாய் பேசாதவள்' என்று ஒரு வரி ஏறியது, இன்றைக்கும் இருக்கிறது. ஒவ்வொரு ஆபீசிலும் அதைப் படித்துவிட்டு என்னிடம் உரக்கக் கத்துகிறார்கள். "நீ வாய் பேசாதவளாம்! கவர்மெண்டே ஏமாந்து போச்சு" என்று வீட்டுக்காரர் பதினாலு வருஷமாகச் சிரிக்கிறார்.

வாயில் ஊறிய விதை முளைக்கத் தயாராகிவிட்டது. இனிக் காயவைக்க முடியாது. மாதமோ ஆடி. ஊரில் அவரை ஊன்றுகிற மாதமே வாய்த்ததே என்று சந்தோஷப்பட்டேன். பன்னிரண்டைத் தோட்டத்தில் ஊன்றினேன். இடம் போதாமல் மூன்றை ஒரு மண்ணெண்ணெய் டின்னில் போட்டு அடுப்பங்கரையில் வைத்தேன். பத்தாம் நாள் காலை தோட்டத்து முளையெல்லாம் வெந்நீர் ஊற்றிய கீரைபோலக் கறுத்துக் கிடந்தது. மாதத்தின் பெயரை நான் என்னோடு எடுத்து வந்திருந்தேன். குளிரையும் வெயிலையும் எடுத்து வர முடியவில்லை.

டின்னில் இருந்த மூன்று பிழைத்தன. வெயில்காலத்தில் தகரக் கூரையை மூடிப் படர்ந்தன. ஆனால் பூ இல்லை. மார்கழி முழுக்கக் கொளுத்துகிற வெயிலில், கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் போய் வியர்த்து வழிந்து திரும்பி வந்து கொடியைப் பார்ப்பேன். ஒரு மொட்டு இருக்காது. அழுகையாக வரும். பகல் குறுகினால்தான் பூக்கிற ஜாதி அது என்று பிறகு புரிந்தது. இங்கே பகல் குறுகுவது பங்குனி, சித்திரையில். பூத்துக் காய் பிடித்து விதை முற்றும்போது உறைபனி வந்து வாசலில் நிற்கும். வருஷா வருஷம் விதை முந்துமா, பனி முந்துமா என்பதுதான் எங்கள் வீட்டுப் பந்தயம்.

இரண்டாம் வருஷம் நான் செய்த தப்பை ஆம்பூர்க்காரியைத் தவிர வேறு எவளும் செய்திருக்க மாட்டாள். வீட்டுக்காரருக்கு வேலை ஒரு பட்டை ஆலையில். இங்கே மலை மலையாக வாட்டில் மரம் வளர்க்கிறார்கள். அதன் பட்டையை உரித்து, நறுக்கி, மூட்டை கட்டி, கப்பலேற்றுகிறார்கள். ஆவாரம்பட்டை போதாமல் உங்கள் ஷாப்புகளில் இப்போது வாங்குகிற வாட்டில் பட்டை இதுதான். மூட்டை வாயைத் தைக்கிறவர் அவர். அம்மாவின் குவியலை நினைத்து, ஆலையிலிருந்து பட்டைத்தூள் கொண்டுவரச் சொல்லிக் கொடியின் அடியில் அரை அடி உயரம் கொட்டினேன். வேருக்குச் சூடாக இருக்கும் என்று நினைத்தேன். ஊறிச் சாரம் போன சக்கை வேறு, பச்சைப் பட்டை வேறு என்பது தொட்டிக்காரன் மகளுக்குத் தோன்றவில்லை. தண்ணீர் பட்டதும் சிவப்பாகச் சாறு இறங்கியது. இரண்டு வாரத்தில் கொடி வாடிச் சாய்ந்தது.

பிடுங்கிப் பார்த்தோம். வேர் பழுப்பேறி, வளைத்தால் வளைந்தது, ஒடியவில்லை. வீட்டுக்காரர் அதை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இன்னா லேயாள், வேரையே பதம் போட்டுட்டியே! இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா செருப்புக்கு வார் வெட்டிக்கலாம்."

அந்த வருஷம் தப்பியது வேலியோரத்தில் தனியாக நின்ற ஒரு கொடிதான். அதற்குப் பிறகு பட்டணத்துத் தோல் ஷாப்பிலிருந்து ஊறி முடிந்த சக்கையை மட்டும் கொண்டுவருகிறார். அது இங்கேயும் புழுங்குகிறது. அதன்மேல் கை வைத்தால் மாட்டின் வயிற்றைத் தொட்டதுபோல இருக்கும்.

4

போன கார்த்திகையில் ராகேலிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா போய்விட்டார், அவள் புருஷனும் போய்விட்டான் என்பதை முன்பே எழுதியிருந்தாள். சந்தையில் காய் விற்றுப் பிழைக்கிறாள். இந்தக் கடிதத்தில்தான் முதல்முறையாக அவரையைப் பற்றி எழுதினாள்.

"அக்கா, நீ போன ரெண்டாம் வருஷமே மழை இல்லாம அம்மா அவரை பட்டுப்போச்சு. பானையில இருந்தது ஒரு தடவைக்குத்தான் காணுச்சு. சந்தை விதைய வாங்கி ஊனுறேன், பனியில பூவெல்லாம் கொட்டிப்போவுது. மார்கழியில விக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. உங்கிட்ட இருந்தா ஒரு பிடி அனுப்பு."

பானையில் ஏன் அவ்வளவு கம்மி என்று ஒரு வார்த்தை இல்லை. பாதி என்பது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாளோ, தெரிந்தும் விட்டுவிட்டாளோ. அவள் திட்டியிருந்தால் நான் சாப்பிட்டிருப்பேன். அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

என்னிடம் மிச்சம் இருந்த விதையையெல்லாம், ஊன்ற ஐந்தாறை வைத்துக்கொண்டு, ஒரு கவரில் போட்டு அனுப்பினேன். "கடுதாசி வந்துது அக்கா, கூட மாவும் வந்துது" என்று பதில் வந்தது. தபாலாபீசில் முத்திரை குத்துகிற சுத்தியல் அவரையைத் தூளாக்கியிருந்தது. பார்சலில் அனுப்பலாம் என்றால், விதை என்றாலே விவசாய ஆபீஸ் சீட்டு கேட்டார்கள். கையில் கொடுத்தனுப்ப, நம் பக்கத்து ஆள் எவரும் இந்த வருஷம் ஊருக்குப் போகவில்லை.

சித்திரையில், காய் பச்சையாக இருக்கும்போதே, என் மகள் கிரேஸை அழைத்துக்கொண்டு அந்த ஆபீசுக்குப் போனேன். கிரேஸுக்குப் பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள். தோட்டத்துக்குள் கால் வைக்கமாட்டாள். தமிழ் எழுத்தைக் கோலம் என்று கேலி செய்வாள். ஆனால் அந்த ஆபீசில் எனக்கு வாய் அவள்தான்.

துரை கேட்டதை அவள் சொன்னாள். "எந்த நாட்டு விதைன்னு கேக்குறார்மா."

"இந்தியான்னு சொல்லு."

"எங்க அனுப்பணுமாம்?"

"இந்தியாவுக்கு."

துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்தியாவில் இருக்கிற விதையை இந்தியாவுக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல நான் எங்கள் வீட்டுப் பானையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடுத்த கேள்வி அதைவிட மோசம்: இந்த நாட்டுக்குள் அது எப்படி வந்தது?

வாயில் வைத்துக் கொண்டுவந்த கதை கிரேஸுக்குத் தெரியும். அவள் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பரிசு வாங்குகிறவள். பொய் என்றால் நரகம் என்று எனக்கே பாடம் எடுப்பவள். என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு துரையிடம் நிதானமாக ஏதோ சொன்னாள். அவர் தலையை அசைத்து எங்கள் மனுச் சீட்டில் எதையோ எழுதப் போனார். அவள் சட்டென்று சீட்டை எடுத்து மடித்துக்கொண்டு, "வாம்மா, போலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

தெருவில்தான் சொன்னாள். "வாடகைக்கு வந்தப்பவே வேலியில இருந்துச்சுன்னு சொன்னேன். அப்படின்னா பேர் தெரியாத கொடி, ஆள் வந்து பாப்பாங்களாம். கூடாத செடியா இருந்தா பிடுங்கிடுவாங்களாம்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அம்மா, நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள்.

எனக்காகச் சொன்னாள். அவள் என்னை விட்டு வேறு எங்கோ போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவென்றும் பாராமல் அவளைக் கட்டிக்கொண்டேன்.

5

ஆகவே இந்தக் குளிர்காலத்தில் எல்லாம் அந்த ஒரு கொடிமேல் நின்றது. ஊன்றியதில் தேறியது அது ஒன்றுதான். வைகாசியிலேயே அடியில் சக்கையை முழங்கால் உயரம் குவித்தேன். இங்கே குளிரைக் கொண்டுவருகிற தெற்குக் காற்றுக்குத் தகரத் தட்டி வைத்தேன். பந்தலைச் சாய்த்துக் கட்டிச் சாக்குப் போர்த்தினேன். அந்தச் சாக்குகளில் சென்னைக்கு அனுப்புகிற முத்திரை இருந்தது. ஆலையில் கிழிந்ததென்று ஒதுக்கியவை.

ஆனியில் தினமும் விடியற்காலை அங்கே நின்றேன். புகை ஒரு பக்கம், சக்கையிலிருந்து எழும்புகிற ஆவி ஒரு பக்கம், நடுவில் நான். எதிரே இருக்கிற மலையும் தெரியாது, வீடும் தெரியாது. அந்தப் பழைய வாடை மூக்கில் ஏறும். கொஞ்ச நேரத்தில் எனக்கு வயது குறைந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் ஷாப்பில் ஆள் வேலைக்கு ஏறுகிற சத்தமும், ஆம்பூர் ஸ்டேஷனில் காலை ரயில் மூச்சு விடுகிற சத்தமும் கேட்பதுபோல இருக்கும். கையில் காய் நிறைந்துகொண்டே போகும், கூடை நிறையாது. இது மார்கழியா ஆனியா என்று கேட்டால் அந்த நேரத்தில் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் அப்படி நின்றபடியே, "ராகேல், தண்ணி கொண்டாடி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அடுப்பங்கரையிலிருந்து கிரேஸ் எட்டிப் பார்த்தாள். "சித்தி இங்க இல்லம்மா" என்றாள். குரலில் கேலி இல்லை. சொம்பை எடுத்து வந்து கொடுத்தாள். அவளுடைய பள்ளிக்கூட உடுப்பில் புகை வாடை ஏறி, பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கிறார்கள் என்று வாரம் முழுக்க முணுமுணுத்தவள் அவள்தான்.

காய் மஞ்சளாகத் தொடங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. அறுத்து வீட்டுக்குள் தொங்கவிடலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அவசரப்படாத. பிஞ்சு வெதைய அனுப்பி அவளையும் ஏமாத்தாத. கொடியிலயே முத்தட்டும்."

ஏமாற்றுவது என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு உறைத்தது. காத்திருந்தேன்.

ஆடி பிறந்து நான்காம் நாள் விழுந்த பனியைப்போல நான் இங்கே கண்டதில்லை. தண்ணீர்த் தொட்டி உறைந்துவிட்டது. தெளிக்கத் தண்ணீர் இல்லை. புகை மேலே எழாமல் தரையோடு படுத்தது. மூவரும் சாக்கை இரட்டையாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெயில் வந்தது. மேல் கொடி முழுக்க என் கண்முன்னே கறுத்தது. உயரத்தில் தொங்கிய காயெல்லாம் நைந்து போயிற்று. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

கிரேஸ்தான் குனிந்து, சக்கைக் குவியலை ஒட்டித் தாழ்வாகத் தொங்கிய ஒரு காயை உரித்தாள். விதையை நகத்தால் அழுத்தினாள். இன்னொன்றை உரித்தாள். "அம்மா, நகம் எறங்கல பாரு, முத்திடுச்சு" என்றாள். அன்றைக்கு அவள் உடுப்பை மாற்றாமல், அந்த வாடையோடேயே பள்ளிக்கூடம் போனாள்.

6

தாழ்வாக இருந்த காய்களிலிருந்து இரண்டு கை நிறைய விதை தேறியது. கறுப்பு விதை, ஓரத்தில் வெள்ளைக் கீற்று. சாம்பலில் புரட்டி வைத்துக்கொண்டு, எப்படி அனுப்புவது என்று தெரியாமல் ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியச் சோறு கொடுக்க ஆலைக்குப் போனபோது வீட்டுக்காரர் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எங்க போவுது?"

"மெட்ராசு. அங்கேர்ந்து ஆம்பூரோ, வாணியம்பாடியோ, பேர்ணாம்பட்டோ. எவன் கண்டான்?"

"தெறந்து பாக்க மாட்டாங்களா?"

"பட்டைய தெறந்து பாத்து இன்னா பண்ணுவான்?" என்றவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா நீ, என் வேலைக்கே வேட்டு வெக்கிற போல கீதே."

நான் சோற்றை எடுத்து வைத்தேன். அவர் இரண்டு கவளம் சாப்பிட்டார். "பட்டைக்குள்ள வெதை கெடந்தா எவன் பாப்பான்?" என்றார்.

"மூட்டைய அவுத்துக் கொட்றது பொம்பளைங்க. நான் பாத்திருக்கேன். ஒரு ஆணி கெடந்தாக்கூட எடுத்து முந்தானையில முடிஞ்சிக்குவாங்க."

"சரி, கொண்டா. மூட்ட தைக்கிறவன் நான்தானே."

எனக்கென்று ஒன்பது விதையை எடுத்துக்கொண்டேன். மிச்சத்தை ஏழு பங்காக்கி, ஏழு துணி முடிச்சில் கட்டிக் கொடுத்தேன். ஏழு மூட்டைகளில் ஒவ்வொன்றாக வைத்து, அந்த ஏழின் வாயை மட்டும் சிவப்பு நூலால் தைத்தார். போன செவ்வாய்க்கிழமை கப்பல் கிளம்பிவிட்டது.

உங்களிடம் எனக்கு ஆகவேண்டிய காரியம் இதுதான். பட்டை கொத்துகிற பெண்கள் பத்திரிகை படிக்க மாட்டார்கள். ஷாப்புக் கணக்குப்பிள்ளைகளே, மேஸ்திரிகளே, படித்தவர்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள். சிவப்பு நூல் போட்ட மூட்டை வந்தால் உள்ளே ஒரு முடிச்சு இருக்கும். அது அவரை. வாணியம்பாடியில் கிடைத்தாலும் பேர்ணாம்பட்டில் கிடைத்தாலும் ஒன்றுதான். கிடைத்தவர்கள் பாதியை வைத்துக்கொண்டு ஊன்றுங்கள். பாதியை ஆம்பூர்ச் சந்தையில் காய் விற்கிற ராகேலிடம் சேர்த்துவிடுங்கள். பாதி என்றால் சரிபாதி, எண்ணிப் பிரியுங்கள்.

கொடுக்கும்போது அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் பானையில் அக்கா பாதி வைக்கவில்லை, ஒரு கைப்பிடிதான் வைத்தாள், அதை அக்காவே சொல்லச் சொன்னாள் என்று சொல்லுங்கள். பதினாலு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் அதை எழுத உட்கார்ந்து, குளிரைப் பற்றி எழுதிவிட்டு எழுந்திருக்கிறேன்.